கம்மி சாரும் கால் சுற்றுக் கொசுறும்

உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் எதையாவது கூட்டிக்கொள்ளத்தான் அலைகிறோம். சதை, சத்தம், சொந்தக்காரர்கள் மத்தியில் மரியாதை, ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கிக்கொண்டே வாழ்ந்த ஒரே மனிதரை நான் 1991-இல் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தேன். அடித்துச் சொல்கிறேன், அவருக்கு முன்னும் அப்படி ஒருவர் இருந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை.

அவரைக் கம்மி சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அது அவருக்கே மறந்திருக்கும். மின்விசிறியைப் பார்த்தால் "கொஞ்சம் கம்மி பண்ணு" என்பார். ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்தாலும் "கொஞ்சம் கம்மி பண்ணலாம்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் முறையிடுவார்.

நாங்கள் இருவரும் ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறை. நான் டிப்ளமா முடித்து வந்த கத்துக்குட்டி. அவர் ஐம்பதைத் தொடப்போகிற இன்ஜினியர், கல்யாணம் ஆகாதவர். முதல் வாரம் அவரைக் கஞ்சன் என்றே நினைத்தேன். பாவம், அது அபாண்டம். அடுத்தவருக்குச் செலவு செய்ய அஞ்சவே மாட்டார். அவருக்கு இருந்தது வேறு வியாதி. எந்த விஷயமும் எந்த அளவு வரைக்கும் குறைந்தால் இன்னும் வேலை செய்யும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உதாரணத்துக்குக் குளியல். முதல் நாள் பதினைந்து சொம்புத் தண்ணீர். மறுநாள் பதினான்கு. அப்புறம் பதின்மூன்று. இப்படியே இறங்கி ஏழாவது சொம்பில் வந்து நின்ற அன்று காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு ஷிப்டுக்கு வந்தார். நான் சொன்னதும் விரலால் தொட்டுப் பார்த்து, "எர்ரர் வந்துடுச்சு. அப்போ எட்டு" என்றார். அன்றிலிருந்து அவர் ஆயுசுக்கும் எட்டு சொம்புதான்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் இந்த வித்தையை ஊர்ப் பொதுவாக்கினார். மாஸ்டரைப் பிடித்து, வழக்கமாக வருகிறவர்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தினமும் கால் ஸ்பூன் சர்க்கரை குறைத்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து நாள் வரை ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆறாவது நாள் லாரி டிரைவர் ஒருவர் கிளாஸைப் பெஞ்சில் ணங்கென்று வைத்தார்.

"இன்னா மாஸ்டர், கஷாயம் குட்த்துக்கினு கீறே? எனக்கு இன்னா ஜுரமா?"

மாஸ்டர் கம்மி சாரை முறைத்தார். கம்மி சார் நோட்டில் குறித்துக்கொண்டே, "அஞ்சாவது நாள் அளவுல நிறுத்திக்கோங்க. அதுக்குக் கீழ இவருக்குத் தாங்காது" என்றார். அந்த டிரைவரிடம் போய் ஒத்துழைப்புக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தார். அடி விழாமல் தப்பித்தது மாஸ்டரின் புண்ணியம்.

பேச்சும் அப்படித்தான். எதிராளி "இன்னா?" என்று திருப்பிக் கேட்கும் வரை குரலை இறக்கிக்கொண்டே போவார். பத்து வாக்கியத்துக்கு ஒரு "இன்னா" வந்தால் சரியான அளவு. ஒன்றுமே வராவிட்டால் தொண்டையை வீணடிக்கிறோம் என்று அர்த்தம். காது மந்தமான லாட்ஜ் மேனேஜரோடு பேசி முடிக்கிற அன்றைக்கெல்லாம் மனுஷன் களைத்துப் படுத்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைக் கேளுங்கள். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷெட்டில் நாங்கள் பதினெட்டுப் பேர். கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாக டெலிபோன் கொண்டுபோகிற பெட்டி செய்தோம். டிஜிட்டல் என்ற சொல்லே ஊருக்குப் புதிது. பேசுகிற குரலைப் பூஜ்யமும் ஒன்றுமாக நறுக்கி ஆன்டெனா வழியாக அனுப்பும். அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி அதைக் கூட்டிப் பிடித்துக் குரலாக்கும். ஏதாவது தப்பாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும்.

எங்கள் விளக்கு தீபாவளி மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தது.

அரசாங்க ஆர்டர் ஒன்றை நம்பித்தான் ஷெட்டே ஓடியது. வல்லக்கோட்டையில் ஒரு பெட்டி, ஷெட்டில் ஒரு பெட்டி வைத்து அதிகாரி முன்னால் ட்ரையல் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பத்துச் சிமிட்டலுக்கு மேல் போனால் ஆர்டர் கிடையாது. முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "ஆர்டர் வரலைன்னா ஷெட்டுக்குப் பூட்டு. அது எல்லாருக்கும். ட்ரையல் அன்னிக்கு எவன் சொதப்பறானோ, அவன் பூட்டு வரைக்கும் காத்திருக்க வேணாம். மறுநாளே வராதே."

சிமிட்டலுக்கு முதலாளியின் வைத்தியம் பவரைக் கூட்டுவது. "தூரத்துல இருக்கறவனுக்குக் கத்திப் பேசணும்யா, இது கூடத் தெரியாதா?" கூட்டினோம். விளக்கு இன்னும் வேகமாகச் சிமிட்டியது. இன்னும் கூட்டினோம். சிமிட்டுவதை நிறுத்திவிட்டு அணையாமல் எரிந்தது.

கம்மி சார் பின்வரிசையிலிருந்து, "கம்மி பண்ணணும்" என்றார்.

"இன்னா?" என்றோம் மற்றப் பதினேழு பேரும்.

"பவரைக் கம்மி பண்ணணும்."

முதலாளி சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கேட்காத ஆளிடம் மெதுவாகப் பேசச் சொல்லும் முதல் இன்ஜினியரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். மறுநாள் பகலில் கம்மி சார் முதலாளியைக் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் குழாய் ஸ்பீக்கர் இரண்டு, உச்சத்தில் அலறிக்கொண்டிருந்தன. பாட்டா, பட்டாசா என்று தெரியவில்லை.

"என்ன வார்த்தை பாடறாங்கன்னு சொல்லுங்க சார்" என்றார் கம்மி சார்.

முதலாளி காதைக் குவித்துக் கேட்டுப் பார்த்தார். "கர்ருனுதான் கேக்குது."

கம்மி சார் மைக்செட்காரரிடம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி சத்தத்தைப் பாதியாக இறக்க வைத்தார். பாட்டு வார்த்தை வார்த்தையாக வந்து விழுந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அட, இது முருகன் பாட்டா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம பெட்டியும் இதேதான் சார். உச்சத்துல கத்த வெச்சா அதுக்குத் தொண்டை உடையுது. அலையோட வடிவமே கெட்டுப்போயிடுது. அந்தப் பக்கம் பூஜ்யம் எது, ஒண்ணு எதுன்னு தெரியாம முழிக்கறான். ரொம்ப இறக்கினாலும் போய்ச் சேராது. எவ்வளவு இறக்கணும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்."

முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

நான்கு நாள் அவர் கணக்குப் போட்டார். சோறு தண்ணி மறந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் ஏற்கெனவே அதைக் குறைத்துத்தான் வைத்திருந்தார். நாலு வாட் போகிற இடத்தில் இரண்டு வாட் போதும் என்று விடை வந்தது. எங்கள் பாஷையில் பாதியாக்கினால் மூன்று டிபி, அதாவது டெசிபெல். இதற்கு மேல் வாசகர்களை நான் துன்புறுத்த மாட்டேன். அவரே உட்கார்ந்து பெட்டி பெட்டியாக மீட்டர் வைத்து இரண்டு வாட்டில் நிறுத்தினார். மறுநாள் காலை அளந்தால் எல்லாம் மூன்று வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மனுஷன் ஆடிப்போய்விட்டார். மீட்டரைச் சந்தேகப்பட்டார். மீட்டர் சரியாக இருந்தது. வெயிலைச் சந்தேகப்பட்டார். கடைசியில் என்னையே ஒரு தினுசாகப் பார்த்தார். மறுபடி இறக்கினார், மறுபடி ஏறியது. "தம்பி, ஒண்ணரை டிபி எங்கிருந்தோ வருது. கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல. தினமும் அதே ஒண்ணரை. இது கோளாறு இல்ல. யாரோ மனுஷங்க கை" என்றார்.

மறுநாள் முழுக்கக் கடைசி பெஞ்சுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அது கஸ்தூரியின் இடம். கஸ்தூரியின் அம்மா பஸ் ஸ்டாப் பக்கம் காய்கறிக் கடை போட்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு தராசு பிடித்த பெண். ஷெட்டில் அவளுக்கு வேலை, பவர் அளவை வைத்து முடித்த திருகின் மேல் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து, அது அசையாமல் சீல் பண்ணுவது. எல்லா ரேடியோ கம்பெனியிலும் அப்படித்தான். எங்கள் முதலாளி நெயில் பாலிஷ் டஜன் கணக்கில் வாங்குவதைப் பார்த்து ஃபேன்சி ஸ்டோர்காரருக்கு அவர் குடும்பத்தைப் பற்றியே தப்பான அபிப்பிராயம் இருந்தது.

கஸ்தூரி பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்தாள். திருகில் வைத்தாள். நாசூக்காக ஒரு கால் சுற்றுச் சுற்றினாள். அப்புறம்தான் நெயில் பாலிஷ் வைத்தாள்.

"என்னம்மா பண்ணினே இப்போ?"

"சீல் வெச்சேன் சார்."

"அதுக்கு முன்னாடி."

கஸ்தூரி கொஞ்சமும் பதறவில்லை. "கொசுறு சார். நீங்க கரெக்டா அளந்து வெக்கிறீங்க. அப்டியே அனுப்பிச்சா வாங்குறவங்க மனசு நெறையுமா? கிலோ கத்திரிக்கா எடை போட்டா மேல ரெண்டு மொளகா போட வாணாமா? பாவம், எந்த ஊர்லயோ, எவ்ளோ தூரத்துலயோ கீறாங்க. நல்லா கேக்கட்டும்னு ஒரு கால் சுத்து."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பதினெட்டுப் பேர் பிழைப்பு இரண்டு பச்சை மிளகாயில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கம்மி சார் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அவள் சீல் வைத்த இருபது பெட்டிகளை எடுத்துப்போய் ஒவ்வொன்றாக அளந்தார். சாயங்காலம் வந்து என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்:

"இருபதும் ஒண்ணரை டிபி. அச்சு அசலா ஒண்ணரை. தம்பி, எந்த மெஷினாலயும் இவ்வளவு சீரா தப்பு பண்ண முடியாது."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நிறுத்தச் சொல்லிடலாமா சார்?"

"எதுக்கு? கை பழகினது நிக்காது. ஒரு நாள் பயந்து பாதி சுத்துவா, ஒரு நாள் மறந்து முழுசா சுத்துவா. அப்புறம் நான் எதை வெச்சுக் கணக்குப் போடறது? அவ பாட்டுக்குப் போடட்டும்."

டெஸ்ட் ஷீட்டில் அவர் கையால் புதிதாக ஒரு கட்டம் போட்டார். "கஸ்தூரி கொசுறு: ஒன்றரை டிபி." அந்த அளவுக்கு முன்கூட்டியே இறக்கி வைத்து அவளிடம் அனுப்பினார். அவள் கால் சுற்றுப் போட்டதும் பெட்டி மிகச் சரியாக இரண்டு வாட்டில் வந்து உட்கார்ந்தது. சிவப்பு விளக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை சிமிட்டினாலே அதிகம். முதலாளி வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் அடியேன் புகுந்தேன். ட்ரையலுக்கு முதல் நாள் கம்மி சார் ஆன்டெனாக் கம்பம் ஏற்ற வல்லக்கோட்டைக்குப் போய்விட்டார். ட்ரையல் பெட்டிகளின் பவரை அவர் வழக்கம்போல் ஒன்றரை டிபி இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். சீல் வைக்க வேண்டியதுதான் பாக்கி, அதை மேற்பார்வை பார்க்க நான். எனக்கு இருபத்திரண்டு வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. கஸ்தூரி திருப்புளியை எடுத்ததும் எனக்குள் சூப்பர்வைசர் எழுந்துகொண்டான்.

"நாளைக்கு ட்ரையல். உன் கொசுறெல்லாம் இன்னிக்கு வேணாம். சார் வெச்சது வெச்சபடியே இருக்கட்டும்" என்றேன், விறைப்பாக.

"சார் ஒண்ணும் சொல்றதில்லியே."

"நான் சொல்றேன்ல."

அவள் முகம் சுருங்கிப்போனது. திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு நெயில் பாலிஷை மட்டும் வைத்தாள். கணக்கிலேயே அவளுடைய கால் சுற்று சேர்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அந்தக் கட்டத்தை அவர் போட்டபோது ஸ்கேல் பிடித்தவனே நான்தான். ஆனால் பதவி வந்தால் புத்தி போகும் என்பார்களே, எனக்குப் பதவி வருவதற்கு முன்பே போயிற்று. கடைசி அளவு எடுக்கவும் நேரமில்லை. முதலாளி வாசலில் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியும் மீட்டரும் வல்லக்கோட்டைக்குப் போயின. இன்னொரு பெட்டி ஷெட்டிலேயே நின்றது.

மறுநாள் ஷெட்டில் நானும் கஸ்தூரியும். வல்லக்கோட்டையில் முதலாளி, கம்மி சார், அதிகாரி. எங்கள் பெட்டி அனுப்புவதை அவர்கள் பெட்டி வாங்க வேண்டும், அதிகாரி விளக்கை எண்ணுவார். அவர் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர்கள் பெட்டி வாங்கும் கம்பியின் நடுவில் மாட்டினாராம். இன்னும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதுபோல் சிக்னலை இளைக்க வைக்கிற டப்பா அது. இருக்கிற பலத்தில் ஒரு துளி குறைந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. பத்து நிமிஷத்தில் ஆறு சிமிட்டல்.

ஷெட்டில் பெட்டியோடு இருந்த டெலிபோன் அடித்தது. கம்மி சார் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் குரல்தான் அங்கே பொரி பொரிவது போலப் போய்க்கொண்டிருந்தது.

"ஆறு ஆயிடுச்சு தம்பி. இன்னும் நாலுதான் பாக்கி. சிக்னல் ஒண்ணரை டிபி இளைச்ச மாதிரி தெரியுது. போனைக் கஸ்தூரிகிட்ட குடு."

ஒன்றரை என்று அவர் வாயால் கேட்டதும் அது யாருடைய ஒன்றரை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரிசீவரை அவளிடம் நீட்டிவிட்டு என் காதையும் அதோடு ஒட்டிக்கொண்டேன்.

"நேத்து கொசுறு போட்டியாம்மா?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார். இவர்தான் வாணாம்னு சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ அனுமதி கேட்கும் சத்தம். அதிகாரியின் குரல் கரகரவென்று வந்தது: "ஒரே ஒரு தடவை தொடலாம். ஆனா எண்ணிக்கை முதல்லருந்து ஆரம்பிக்காது. ஆறு ஆறுதான்."

"கஸ்தூரி, சீலைச் சுரண்டிட்டு நீ எப்பவும் போடற கொசுறைப் போடு."

"மீட்டரு உங்ககிட்டல்ல கீது சார்? அளவு தப்பாப் பூட்சுன்னா?"

கம்மி சார் கொஞ்சமும் அவசரப்படவில்லை. "மீட்டர் எதுக்கும்மா? இருபது பெட்டி நான் அளந்து பார்த்திருக்கேன். மீட்டர் தப்பும், உன் கை தப்பாது. உங்கம்மா கடையில உக்காந்திருக்க. ரொம்ப தூரம் நடந்து வந்து ஒருத்தர் கத்திரிக்கா வாங்கியிருக்காரு. பை எடுத்துட்டுக் கிளம்பப் போறாரு. அவ்வளவுதான்."

கஸ்தூரி ரிசீவரை என் கையில் திணித்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நகத்தால் சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திருப்புளியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கால் சுற்று.

"போட்டாச்சு சார்" என்றேன் நான் போனில்.

"ம். இப்போ உன் குரல் நல்லா கேக்குது" என்றார்.

மீதி ஐம்பது நிமிஷம் நான் சாமி கும்பிட்ட விதம், என்னை அறிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். விளக்கு ஒரே ஒரு தடவை சிமிட்டியது. ஏழு. அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஆர்டர் வந்தது. ஷெட்டுக்குப் பூட்டு வரவில்லை. கஸ்தூரி அந்த வருஷமே பெஞ்ச் முழுவதற்கும் லீடர் ஆனாள். "கஸ்தூரி கொசுறு" என்ற கட்டம் டெஸ்ட் ஷீட்டில் அச்சிலேயே ஏறியது.

ஆனால் முதலாளி விடுவாரா? கம்மி சாரின் குரல் அளவுக்கு, போனில் பேசியது எதுவும் பக்கத்தில் நின்ற அவருக்குக் கேட்டிருக்கவில்லை. முதல் பத்து நிமிஷத்தில் ஆறு சிமிட்டல் எப்படி வந்தது, யார் சொதப்பியது என்று எழுத்தில் கேட்டார். கம்மி சார் ரிப்போர்ட் எழுதினார். நான் லாட்ஜில் துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவர் அளக்காத எதையும் காகிதத்தில் எழுதாத மனிதர். நடந்ததைத்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும்.

அடுத்த நாள் முதலாளி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டி ஃபைலில் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் அவருடைய குட்டிக் குட்டி எழுத்தில் ஒரே வரி: "சோதனையின் முதல் பத்து நிமிடங்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம்."

வல்லக்கோட்டையில் அன்று அடித்த வெயிலில் நாய்கூடத் தெருவில் இறங்கவில்லை. நேரே அவரிடம் போனேன்.

"சார், தப்பு என்னுது. கஸ்தூரி சொன்னது உங்களுக்குக் கேட்டுதா, இல்லியா?"

"கேட்டுச்சு."

"அன்னிக்கு ஈரமே இல்லியே சார்."

"யார் சொன்னது? எனக்கு வேர்த்துச்சு" என்று சொல்லிவிட்டு மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்புறம் என்னைப் பற்றி யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இத்தனை வருஷம் கழித்தும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.